ஐந்தாம் தேதிக்காரர்கள்

ஆல்பனி, ஜூன் 24, 1827
எங்கள் தேவாலய சபையில் முடிவாகிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை ஒழிகிற நாள் ஜூலை நாலு. நாங்கள் ஊர்வலம் போகிற நாள் ஐந்து. நாலாம் தேதி வெள்ளைக்காரர்களின் சுதந்திர நாள். குடித்துவிட்டு அலைவார்கள், தெருவில் எங்கள் கறுப்பு முகம் தெரிந்தால் கல்லெடுப்பார்கள். "உசுரோட இருந்தாத்தானே ஊர்வலம்?" என்றார் மூப்பர் எலியாப். எனக்கு விடுதலை கிடைத்து வருஷங்களாகின்றன. என் கணவர் டைட்டஸ் இன்னும் வான் ஆல்ஸ்டைன் துரையின் சொத்து, அந்த நாலாம் தேதி வரைக்கும்.

ஜூன் 29
நாலாம் தேதி துரையின் ஊர்க்காவல் படை அணிவகுப்புக்கு இந்த வருஷமும் டைட்டஸ்தான் முரசடிக்க வேண்டுமாம்.
"அவங்க சுதந்திரத்துக்கு நான் அடிக்கணும். என் சுதந்திரத்துக்கு மட்டும் மறுநாள் வரைக்கும் பொத்திக்கிட்டுக் கிடக்கணுமா, ஹெஸ்டர்?"
"ஒரே ஒரு நாள்தானேங்க."
"பொறந்ததுலேருந்து பொறுத்தவன்கிட்ட வந்து சொல்றா பாரு!"
எனக்கும் கோபம் வந்தது. இந்த மனுஷன் பிணமாக வந்தால் விடுதலையை வைத்து நான் என்ன செய்ய?

ஜூலை 2
நாலாம் தேதியே தனக்காகவும் அடிப்பேன் என்கிறவருக்கு மூப்பர் வந்து புத்தி சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஜூலை 4
ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். தூரத்தில் முரசு. அவர் அடிப்பதுதான், எனக்குத் தெரியாதா?

அணிவகுப்பு முடிந்து வெடிகூடப் போட்டுவிட்டார்கள். முரசு மட்டும் ஓயவில்லை. எங்கள் தெருப்பக்கம் வருகிறது, தனியாக. ஐயோ, பாவி மனுஷா, நிறுத்தித் தொலையேன் —

நின்றுவிட்டது.

ஜூலை 5
உயிர் இருக்கிறது. வலது கையைப் பூட்ஸ் காலால் மிதித்தே நசுக்கியிருக்கிறார்கள். முரசைக் கிழித்துப்போட்டார்கள். "துரைக்கு அடிச்ச வரைக்கும் கை தட்டுனாங்கடி. அதே தாளந்தான்," என்கிறார் திரும்பத் திரும்ப. அடக்க முடியாமல் அழுதேன். எங்கள் ஊர்வலம் முரசில்லாமல் வாசலைக் கடந்து போயிற்று.

ஜூலை 4, 1828
ஜன்னல்களைச் சாத்தினேன். உள்ளே என் கணவர், சட்டப்படி சுதந்திர மனிதர். வெளியே யாரோ புதியவன் முரசடிக்கிறான், தாளம் தப்புகிறது. டைட்டஸுக்குப் பொறுக்கவில்லை, இடது கையால் மேசையில் சரியாக அடித்துக் காட்டினார்.
"மெதுவாங்க," என்றேன். "வெளியே கேட்கப் போகுது."