தொடாமலே ஓடும் கடை

ஆடி வெள்ளி, இரவு.

கால் இரண்டும் கெஞ்சுகின்றன. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

கோயிலை நூற்றெட்டு முறை வலம்வரும் ஆடிச்சுற்று சுற்றுவதாக அம்மனுக்கு வேண்டியிருந்தேன். எதற்கென்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். கணக்குத் தப்பாமலிருக்க, இவர் கையில் புளியமுத்துகளைக் கொடுத்துப் பிரகாரத்தில் உட்காரவைத்தேன். நான் ஒரு சுற்று வந்ததும் ஒரு முத்தைத் தள்ளி வைக்க வேண்டும். வேறு வேலையில்லை. கடந்துபோகும்போதெல்லாம் தலைகுனிந்து விரலை அசைத்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் எண்ணுகிறார் என்று பூரித்துப்போனேன்.

கால் கடுத்தபோது நின்று, "எத்தன சுத்து ஆச்சு?" என்றேன்.

முத்துகள் கொடுத்த குவியலாகவே கிடந்தன. மடியில் போன்.

"நீயும் மனசுல எண்ணிட்டுத்தான வந்திருப்ப? கோவப்படாத ஏட்டி, இங்கன பாரு. நம்ம டீக்கடைக்கு மாஸ்டர் போட்டுட்டேன். இனிமே தொடவே வேண்டாம், துட்டு தானா சேரும்."

போன் விளையாட்டில் வரும் டீக்கடை! அதைச் சொல்லும்போது வந்த சிரிப்பு, கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்து வந்த சிரிப்பு.

முத்துகளை அள்ளி முந்தியில் முடிந்துகொண்டு முதலிலிருந்து சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஓரக்கண்ணால் பார்த்தேன். தொடவே வேண்டாத கடையைத் தட்டிக்கொண்டேதான் இருந்தார்.

இப்போதும் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்து அதைத்தான் தட்டுகிறார். ராத்திரி காலில் தைலம் தேய்த்துவிடுகிறேன் என்று காலையில் சொன்னவர். தைலப் புட்டி திறக்காமல் தலைமாட்டில் இருக்கிறது.

தானாக ஓடுகிற கடையை விரல் ஓயாமல் தொடுகிறது. ஓடி ஓய்ந்த கால் பக்கத்திலேயே கிடக்கிறது.