முதல் நகர்த்தலில் இரண்டு சிப்பாய்

அன்புள்ள மஞ்சக்கா,

காமாலையில் நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கம்பெனி பஸ்ஸில் உன் சீட்டில் யாரோ ஒரு புதுப் பெண், பாகலூரில் ஏறினால் இறங்கும்வரை போனைப் பார்த்தபடி வருகிறாள். மேக்னட் போர்டை மடியில் வைத்து நாம் செஸ் ஆடிய வழி அது. எனக்கு இப்போதெல்லாம் தூங்கினாலும் அசதி தீருவதில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் நடந்த பெண்கள் செஸ் போட்டிக்குப் போனேன். போன வருஷம் நீ கூப்பிட்டபோது, "வாரத்துல ஒரு நாளாச்சும் தூங்க விடுக்கா" என்றேன். "சரி, நானும் போகல விடு" என்றாய். இந்தத் தடவை உனக்காக ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எதிரில் ஒரு கல்லூரிப் பெண். எனக்கு வெள்ளைக் காய். நம் வழக்கப்படி ராஜாவுக்கு முன்னால் ஒன்று, ராணிக்கு முன்னால் ஒன்று என இரண்டு சிப்பாய்களை ஒவ்வொரு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினேன். அவள் கையைத் தூக்கிவிட்டாள். பஸ் நிற்பதற்குள் ஆட்டம் முடியட்டும் என்று நாம் வைத்துக்கொண்ட ஓப்பனிங், அங்கே தப்பாம்.

நடுவர் அம்மா வந்து, "ஒரு தடவைக்கு ஒரு காய்தாம்மா" என்று அவள் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். என் பெயர்ச் சீட்டைப் பார்த்தார். "பாகலூரா? போன வருஷம் அங்கருந்து மஞ்சுளான்னு ஒருத்தங்க வந்து இதேதான் பண்ணாங்க. எல்லா ரவுண்டும் தோத்தாங்க, ஆனா கடைசி வரைக்கும் இருந்தாங்க."

ராணிக்கு முன்னால் தள்ளிய சிப்பாயைப் பழைய கட்டத்தில் திரும்ப வைத்தேன்.

தனியாகவா போனாய்? மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி பஸ்ஸில் இரண்டு சிப்பாயையும் தள்ளினாயே. தப்பென்று தெரிந்தும் ஐந்து மாதம் என்னோடு அப்படியே ஆடினாயே. கூட வரவில்லையே என்று நான் வருத்தப்படுவேன் என்றா சொல்லவில்லை? உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. என்மேல் அதைவிட.

அந்த ஆட்டம் போச்சு. அடுத்ததும் போச்சு. வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம் என்றிருந்தது. நீ இருந்தாயே என்று நானும் இருந்தேன். கடைசிச் சுற்றில் ராயக்கோட்டைக்காரி ஒருத்தியோடு டிரா. ஜெயிக்கவில்லை அக்கா.

அடுத்த வருஷமும் போவேன். எத்தனை அசதியாக இருந்தாலும், இனி உன்னைத் தனியாக அனுப்ப மாட்டேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
செல்வி