பேயில்லாத டிரெய்லர்

மார்ச் 4, செவ்வாய்
இதுவரை சிரிப்புப் படங்களுக்கு டிரெய்லர் வெட்டியே காலம் போய்விட்டது. இன்று ஒரு பேய்ப்படம் கைக்கு வந்திருக்கிறது. இயக்குநருக்கு முதல் படம். தயாரிப்பாளருக்கு இதுவே கடைசிப் படமாகிவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். டிரெய்லர் எடுபடாவிட்டால் தியேட்டர் கிடைக்காது.

மார்ச் 6
கல்லூரிப் பாடத்தைத் தூசி தட்டினேன். படவகை என்பது எடுப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே வாய்விட்டுப் பேசாத ஒப்பந்தமாம். பழகியதைக் கொடு, ஓர் இடத்தில் மாற்று. அன்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. இருட்டு, நீண்ட நடைவழி, தானாகத் திறக்கும் கதவு, அலறல், கடைசியில் பேயின் முகம் – வரிசையாக அடுக்கிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பேய்ப்படம் என்றாலே ஓடுகிறவள். நடைவழி வந்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.
"இன்னும் ஒண்ணுமே வரலையே, ஏன் மூடிட்டே?"
"இவ்வளவு நீளமா போனா, அந்தக் கடைசியில வேற என்னடி இருக்கும்?"
முகம் வந்தபோது ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "இவதானா? பவுடர் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சிரித்தாள்.

அவள் போன பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. பேய்ப்படமே பார்க்காதவளுக்கு இதை யார் சொன்னது? எங்கெங்கோ யார் யாரோ எடுத்த படங்கள், அவளுக்குத் தெரியாமலே அவளுக்குள் குடியிருந்துகொண்டு இமையை மூடுகின்றன. புத்தகத்தில் செத்துக் கிடந்த வாக்கியம் என் அக்கா முகத்தில் மூச்சுவிட்டது.

அப்படியானால் என் பேய் எதற்கு? அவளிடமே ஒன்று இருக்கிறதே.

மார்ச் 11
மாற்றிவிட்டேன். நடைவழி அப்படியே இருக்கிறது. கதவு திறந்தால் பட்டப்பகல். சாப்பாட்டு மேசை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அம்மா காலி நாற்காலிக்கு முன்னால் ஐந்தாவது தட்டை வைத்துப் பரிமாறுகிறாள். யாரும் எதுவும் கேட்பதில்லை. இசை இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும்.

மார்ச் 12
தயாரிப்பாளர் கொதித்துவிட்டார். "பேயைப் பாக்க வர்றவனுக்கு சோத்தைக் காட்டுறியேம்மா?"
இயக்குநர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சார், தியேட்டர்ல ஒரே ஒரு காட்சிக்கு இப்படிப் போட்டுப் பாக்கலாம்."
பலிக்காவிட்டால் பேயின் முகம் திரும்ப வரும், நான் வேலையைவிட்டுப் போவேன். ஒரு பாடத்தை நம்பி அந்தத் தயாரிப்பாளர் வாழ்க்கையில கை வைக்கறேனா?

மார்ச் 14, வெள்ளி
பகல் காட்சி. வேறொரு படம் தொடங்குமுன் எங்கள் டிரெய்லர். பாதி அரங்கம் காலி. நான் திரைக்கு முதுகைக் காட்டி, ஓரமாக நின்று முகங்களைப் பார்த்தேன்.

நடைவழி வந்தது. தின்றுகொண்டிருந்த கைகள் நின்றன. ஒருவரையொருவர் அறியாதவர்கள், எல்லாரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தார்கள். கடல் உள்வாங்குவதைப் பார்ப்பது போலிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

திரையில் பகல் வெளிச்சம் வந்ததும் எவனோ சிரித்தான். என் உயிரே போயிற்று. பிறகு ஐந்தாவது தட்டு. சிரித்தவன் அடங்கினான்.

நடு வரிசையில் ஓர் அம்மாள், பக்கத்துக் காலி இருக்கையில் கைப்பையை வைத்திருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பையை மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இடம் விட்டார். யாருக்கு?

மார்ச் 15
காலையில் தயாரிப்பாளரிடமிருந்து ஒரே வரி: "மூஞ்சி வேண்டாம்மா."