மூன்று நிமிட ஸ்தோத்திரம்

என் பெரியவளுக்கு அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நாங்கள் மூவரும் இருக்கிறோம், நீயும் அங்கே நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன வாரம் பேசும்போது உன் குரல் கம்மியிருந்தது, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே என்று எத்தனை தடவை சொல்வது. சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாயா, நீ என் மகளாயிற்றே. நீ போனில் கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லபடியா இருக்கு என்றுதான் சொல்லிவருகிறேன். நல்லபடியாக இல்லை அம்மா. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

சின்னவன் போய்வந்த பகல் இல்லத்தை மூடிவிட்டார்கள். பதினோரு வருஷமாக அவனைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போன வேன் இப்போது வருவதில்லை. அரசாங்கம் செலவைக் குறைக்கிறதாம், குறைக்க வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது, வாய் பேசாத பிள்ளைகள் தலையில் கை வைத்திருக்கிறார்கள். மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதுமே நம் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, இதைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தோம்னா நாம ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம் என்று கேட்டார். அன்றைக்கே சபை எழுந்துவிட்டது. தையல்காரரின் மனைவி தெருத்தெருவாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள், எலக்ட்ரீஷியன் தன் வேலையை விட்டுவிட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். கடைசியில் அதிகாரிகள் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள், நம் சபை சார்பில் ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள். யார் பேசுவது என்றதும் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். சபையில் நீளமாக ஜெபிக்கிறவன் நான்தானே, சின்ன வயதில் நீ முழங்கால் போட்டபடியே தூங்கிப்போவாயே, அந்த ஜெபம். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், மறைக்க மாட்டேன். நீ எழுதியனுப்பியதை வெள்ளைத் தாளில் எடுத்தெழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இல்லத்தை மூடாதீங்கன்னு முதல் வரியிலேயே கேட்டுடுங்கப்பா என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய்.

அந்த அறையில் நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் சிவப்பு எண்கள் பின்னோக்கி ஓடும் ஒரு கடிகாரம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். பெரிய இடத்தில் நின்று கேட்பதென்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதானே, கண்ணை மூடிவிட்டேன். மூடியதும் நாக்கு தன் போக்கில் போய்விட்டது. ஸ்தோத்திரம் சொல்லாமல் ஒரு விண்ணப்பமும் வைத்துப் பழகாதவன் நான். கட்டிடம் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன், வேன் டிரைவருக்கு நன்றி சொன்னேன், சின்னவனுக்குப் புரையேறாமல் ஒவ்வொரு கரண்டியாக ஊட்டிவிட்ட அந்த அக்காவுக்குச் சொன்னேன், மேஜையில் இருந்த ஐந்து பேருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்கூட நன்றி சொன்னேன். இனிமேல்தான் கேட்கப்போகிறேன், மணி அடித்துவிட்டது. கண்ணைத் திறந்தால் சிவப்பில் வெறும் பூஜ்யங்கள். பின்னால் நம் ஆட்கள் முப்பது பேரும் பழக்கதோஷத்தில் ஒரே குரலாக ஆமென் என்றார்கள். தலைமையில் இருந்த கண்ணாடிக்கார அம்மாள் சிரித்த முகத்தோடு, ரொம்ப சந்தோஷம் ஐயா என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே என்றேன், மைக்கை ஏற்கெனவே அணைத்திருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பகல் இல்லத்தின் கதவில் உத்தரவு ஒட்டினார்கள். பயனாளிகளின் குடும்பங்கள் சார்பில் மனநிறைவு தெரிவிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி. அது நான்தான். அவங்க எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க, நீங்க என்ன பேசியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று போதகர் தேற்றுகிறார். இருக்கலாம், ஆனால் அந்த வரியை அவர்கள் கையில் கொடுத்தவன் நான் அல்லவா. உன் அம்மா இன்றுவரை ஒரு சொல் குறை சொல்லவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஒரு வாய் சோறாவது இறங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல மாட்டேன் என்று உன் அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். போன மாதம் நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் சின்னவனைக் குளியலறையிலிருந்து தனியாகத் தூக்கப்போய் இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அம்மா மேல்தான் விழுந்திருக்கிறான். அவளுக்கு வலது தோள் இறங்கிவிட்டது. நான் திரும்பி வரும்வரை முக்கால் மணி நேரம் ஈரத்தரையில் அவனைச் சுமந்தபடி கிடந்திருக்கிறாள். கதவைத் திறந்தபோது பாட்டு கேட்டது, பிள்ளை பயந்துவிடக் கூடாதென்று பாடிக்கொண்டிருந்தாள்.

சபையார் கைவிடவில்லை, முறைபோட்டு வந்து உதவுகிறார்கள், ஆனாலும் பழகாத கை பட்டால் அவன் உடம்பை விறைத்துக்கொள்கிறான். மேல்முறையீடு போட்டிருக்கிறோம், அதிலும் நீங்கதான் பேசணும் என்கிறார் போதகர். இந்த மனுஷனுக்கு இன்னும் புத்தி வரவில்லை பார். பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மூன்று மாதம் லீவு போட்டு வரட்டுமாப்பா என்று நீ கேட்டாய். வேண்டாம்மா, நாங்க சமாளிச்சுக்கறோம் என்றேன். அது பொய். எங்களால் முடியவில்லை. இத்தனை பக்கம் சுற்றிவளைத்து எழுதியதும் இதைக் கேட்க வாய் வராததால்தான். கேட்கிறேன் அம்மா, வா.

உன் போக்கிலும் வரத்திலும் கர்த்தர் கூட இருப்பாராக. மாத்திரையை மறக்காதே. தோள் விஷயம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நீ வருகிறேன் என்றதும் அம்மா போனைப் பிடுங்கி, வராதே, வேலையைப் பார் என்பாள். நம்பாதே.

உன் அப்பா