நட்டதோ தானாய் முளைத்ததோ

மச்சாள்,

இன்று காலை தேத்தண்ணி வைக்கப் போனால் நெருப்புப்பெட்டியில் குச்சி முடிந்திருந்தது. கைப்பையில் ஒன்று கிடக்கிற ஞாபகம் வந்து தடவி எடுத்தேன். உம்முடைய பெட்டி. குலுக்கினேன், சத்தம் இல்லை. அதற்குள் எப்போதுமே குச்சி இருந்ததில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. "பத்தைக்குள்ளை நெருப்புக்குச்சியோடை போறது மரியாதையில்லை" என்று குச்சிகளை என் அடுப்படியில் கொட்டித் தந்துவிட்டு, வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டவர் நீர். பூவுக்கும் காய்க்கும் பக்கத்தில் அதை வைத்துப் படமெடுத்தால் பார்க்கிறவருக்கு அளவு விளங்கும் என்பீர். தேத்தண்ணியை மறந்து அதைக் கையில் வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டேன். இன்று காணி துப்புரவாக்கப் பெக்கோ இயந்திரம் வருகிற நாள் என்று உம்முடைய அண்ணை உள்ளேயிருந்து கூப்பிட்ட பிறகுதான் எழும்பினேன்.

எனக்குக் களைப்பு, மச்சாள். இவருடைய முழங்கால், காணிக் கந்தோர், கொடிகாமத்திலிருந்து வலிவடக்கிலுள்ள எங்கள் காணிக்குப் பஸ் மாறி மாறிப் போய் வருகிற வெயில், எல்லாம் சேர்ந்து இடுப்பை முறிக்கிறது. நீர் இருந்த காலத்திலும் இதே அலைச்சல்தான். ஆனால் பக்கத்து இருக்கையில் உம்மோடு வாய்ச்சண்டையாய்க் கொழுவிக்கொண்டே போனால் தூரம் தெரியாது. இப்போது அந்த இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டு போகிறேன்.

தபால் கந்தோரிலிருந்து இளைப்பாறிய பிறகுதான் உமக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. தொண்டைமானாற்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்தீர். கண்டதைப் படமெடுத்துப் போனில் இருக்கிற செயலியில் போட்டால், எங்கெங்கோ இருக்கிறவர்கள் பார்த்து இது இன்னது என்று பெயர் சொல்வார்கள், அந்தப் பதிவு எல்லோருக்கும் பொதுவாய் நிற்கும் என்று விளங்கப்படுத்தினீர்.

"கண்டறியாத படம்! புல்லுக்கும் புழுவுக்கும் ஆர் மச்சாள் பேர் கேட்டது?" என்றேன்.

நீர் சிரித்துவிட்டு ஒரு கொப்பை வளைத்து என் கையில் தந்து, "ஆட்டாமல் பிடியும்" என்றீர். அன்று பிடித்ததுதான். இலையின் அடிப்பக்கம் தெரியத் திருப்புவதும், காற்றடித்தால் தண்டை இறுக்கிப் பிடிப்பதும், பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை விரிப்பதும் என் வேலையாயிற்று. அந்தப் படங்களில் நீர் எங்கேயும் இல்லை. என் விரலும் நெருப்புப்பெட்டியும்தான் இருக்கின்றன. இப்போது அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒருநாள் கரையில் வெகு தூரத்தில் நின்ற ஏதோ ஒரு மண்ணிறக் குருவிக்கு, கூட்டத்தில் ஒருவர் இன்னதுதான் என்று பெயரை அடித்துச் சொன்னார். நீர் விடவில்லை. "தெரியாட்டில் தெரியாது எண்டு போடுங்கோ அண்ணை. அதிலை வெக்கமில்லை. பிழையான பேர் போடுறதுதான் வெக்கம்" என்றீர். அவருடைய முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வரும்போது, "ஊராரோடை ஏன் கொழுவுறீர்?" என்று ஏசினேன்.

"நான் கொழுவேல்லை மச்சாள். அந்தக் குருவிக்காகக் கதைச்சனான்."

பிறகு, சண்டைக்காலத்தில் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை இராணுவம் விட்டது. வாடகை வீட்டிலேயே தலை நரைத்துப்போன நாங்கள் மூவரும் முதல்நாள் போய்ப் பார்த்தபோது, வீடென்று சொல்ல அரைச்சுவர்கள்தான் நின்றன. மிச்சமெல்லாம் பத்தை. வாசல் படலை இருந்த இடத்தில் இவர் அப்படியே குந்திவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன். நீர் மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனை வெளியே எடுத்தீர்.

"வெட்ட முதல் என்னென்ன நிக்குது எண்டு பதிஞ்சு போடவேணும். நாங்கள் இல்லாத நேரம் இந்தக் காணியைப் பாத்ததுகள் உதுகள்தானே."

கிழமைக்குக் கிழமை போனோம். நாயுண்ணி, பிரண்டை, முடக்கொத்தான், பாம்பு கழற்றிய செட்டை, சுவர் வெடிப்பில் இருந்த ஓணான், ஒன்றையும் நீர் விடவில்லை. குசினி இருந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். உம்முடைய அம்மா, என் மாமி, குசினி வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டிருந்தார். இப்போது வாசலில், உள்ளே, அடுப்பு இருந்த மூலையில், எங்கும் கறிவேப்பிலை. கூரை இல்லாத குசினிக்குள் ஒரு சின்னக் காடு.

செயலி எந்தச் செடிக்கும் ஒரு கேள்வி கேட்கும்: மனிதர் நட்டதா, தானாய் வந்ததா? நட்டதென்றால் ஒரு புள்ளடி போடவேண்டும். போட்டால் அந்தப் பதிவு தானாய் வந்தவற்றின் கணக்கில் சேராமல் ஒருபக்கம் ஒதுங்கிவிடும்.

"மாமி நட்டதுதானே, புள்ளடியைப் போட்டிட்டு வாரும். வெயில் கொளுத்துது" என்றேன்.

"அம்மா நட்டது ஒண்டு. மிச்சம் குயில் நட்டது. பழம் திண்டு எச்சம் போட்டு முளைச்சதுக்கெல்லாம் அம்மாவின்ரை பேரைப் போடேலாது."

"வேரிலையிருந்து வெடிச்சு முளைச்சதும் இருக்குமே?"

"அதுதான் சொல்லுறன். அந்த ஒண்டைக் கண்டுபிடிப்பம். அதுக்கு மட்டும் போடுவம்."

தேடினோம். வாசற்படியை மண்வெட்டியால் கிளறினோம். எது வாசல், எது சன்னல் என்றே விளங்கவில்லை. தடித்த மரங்கள் பல நின்றன. ஒவ்வொன்றும் நான்தான் என்பதுபோல நின்றது. நான் ஒவ்வொரு இலையாய்ப் பிடித்தேன், நீர் படமெடுத்தீர், குறிப்பு எழுதும் இடத்தில் "நட்டதோ தெரியாது" என்று எழுதினீர். "வாற கிழமை பாப்பம்" என்றீர்.

அந்த வாற கிழமைகளில் ஒன்றில் காய்ச்சல் என்று படுத்தீர். மாரிமழை முடிய முதல் எங்களை விட்டுப் போய்விட்டீர். நீர் என்னைவிட இளையவர். எனக்கு இன்னும் உம்மில் கோபம்தான். யாரிடம் சொல்லியும் அது ஆறவில்லை.

இன்று நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருக்கிற மகள் அனுப்பிய புதுவீட்டு வரைபடத்தில் முன் விறாந்தை சரியாகப் பழைய குசினிக்கு மேலே வருகிறது. பெக்கோ மற்றப் பக்கமெல்லாம் வழித்துவிட்டு மத்தியானம்போல் அந்த மூலைக்கு வந்தது. இவர் கைத்தடியை ஊன்றி எழும்பினார்.

"அம்மாவின்ரை மரத்தை மட்டும் விடச்சொல்லும். எதெண்டு உமக்குத் தெரியும்தானே. நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதானே தேடினனீங்கள்."

பெக்கோக்காரர் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். வீடு கட்ட வந்த மேசனும் பார்த்தார். மச்சாள், தடித்த மரம் ஒன்றைக் காட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இவர் அதற்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு மிச்சக் காலத்தைச் சந்தோஷமாய்க் கழிப்பார். யார் வந்து இல்லையென்று சொல்லப்போகிறார்கள்? அவ்வளவு களைப்பாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சரியவேண்டும் போல இருந்தது. கை உயரத்தான் உயர்ந்தது. அன்று குருவிக்குப் பெயர் சொன்னவரின் சுருங்கிய முகம் அந்த நேரம் பார்த்து ஏன் ஞாபகத்துக்கு வந்ததோ!

"தெரியாது" என்றேன். "எவ்வளவோ தேடினனாங்கள். கண்டுபிடிக்கேல்லை. மச்சாளுக்கும் தெரியாது."

இவர் மரங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். தாயை இவர் இரண்டாம் தரமும் இழக்கிறார், இம்முறை என்னால் என்று நினைத்தேன். பத்தைக்குள் ஒரு குயில் கத்திவிட்டுப் பறந்தது. பிறகு இவர் பெக்கோக்காரரிடம் திரும்பினார்.

"எது எண்டு தெரியாட்டில் ஒண்டிலும் கை வைக்கேலாது தம்பி. உதை அப்பிடியே விடுங்கோ."

"ஐயா, அப்ப வீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளவேணும்" என்றார் மேசன்.

"தள்ளுங்கோ."

அவ்வளவுதான். குசினிக் காடு நிற்கிறது. நாங்கள் அந்த ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் மற்றதெல்லாம் இன்று வேரோடு போயிருக்கும்.

இவரை மேசனின் ஓட்டோவில் அனுப்பிவிட்டு நான் நின்றேன். இடது கையில் இலையைப் பிடித்தேன், வலது கையில் போன். நெருப்புப்பெட்டிக்குக் கை இல்லை. கடைசியில் சின்னவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் அதைச் செருகிக்கொண்டு எடுத்தேன். படம் ஆடித்தான் இருக்கிறது. நட்டதா என்று செயலி கேட்டது. புள்ளடி போடவில்லை. குறிப்பில் நீர் எழுதியதையே எழுதினேன். அடுத்த கிழமை ஆட்டாமல் எடுக்கப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் கொடிகாமம் பஸ்ஸுக்கு மாறிப் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தேன். விரலெல்லாம் கறிவேப்பிலை மணம். நகரம் தாண்டச் சனம் ஏறியது. ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி குனிந்து, "அக்கா, இதிலை ஆரும் வருகினமோ?" என்று கேட்டார்.

அதற்குத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை, மச்சாள். "இல்லை, இருங்கோ" என்றேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.