சிங்காரிக்குச் செய்த கவாத்து

அன்புள்ள கமலேஷ் அண்ணனுக்கு,

தேவாலாவில் நாங்களும் மழையும் சுகம், திருப்பூரில் நீயும் உன் பனியன் கம்பெனியும் சுகமா. எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். இன்று எல்லோரும் தூங்கிவிட்டார்கள், போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அம்மாவைத் திட்டாதே.

நம் மாடு சிங்காரியை ஓட்டிப்போக நாளைக் காலை தரகர் லிங்கசாமி வருகிறார். பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து அவள் பாலில்தான் நம் அடுப்பு எரிகிறது. அவள் போனால் என் படிப்பை நிறுத்தி உன் கம்பெனிக்கே அனுப்புவதாகப் பேச்சு. உன் சமையலைத் தின்ன வேண்டுமே என்று பயமாக இருக்கிறது அண்ணா. விளையாட்டில்லை, உண்மையாகவே பயம்.

எல்லாம் அப்பாவின் தேயிலை மூளை செய்த வேலை. கன்று போட்டதும் சிங்காரி குடம் குடமாகக் கறந்தாள் அல்லவா, "கெளையெல்லாம் கழிச்சுக் கவாத்து வெட்டுன செடிக்கு ஓய்வு குடுக்கோணும், அப்பத்தான் துளிர்க்கும்" என்று தீவனத்தைப் பாதியாக்கிவிட்டார். பாலும் இறங்கியது, மாடு மறுபடி சினை பிடிக்கும் பருவத்துக்கும் வரவில்லை. கூடலூர் டாக்டரம்மா கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "சினைப்பை தூங்குதுங்க. பாலைக் கறந்துட்டுத் தீனியைக் குறைச்சா அது எப்படிங்க முழிக்கும்? இது செடி இல்லீங்க, மாடு" என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, தீவனத்தைக் கூட்டவே இல்லை.

அன்றிலிருந்து அப்பா டீக்கடைக்குப் போனதும் அம்மாவும் நானும் பிண்ணாக்கும் தாது உப்பும் கலந்து வைக்கிறோம். பால் ஏறிவிட்டது. அப்பாவோ கடையில் போய், "பாத்தீங்களா, எல்லாம் என்ற கவாத்து" என்கிறாராம். ஆனாலும் சினை பிடிக்காத மாட்டைப் பால் இருக்கும்போதே தள்ளிவிட வேண்டுமாம். பருவத்துக்கு வந்தால் மட்டும் விற்கமாட்டாராம். இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் யாரிடமாவது சொல்லாமல் தூக்கம் வரவில்லை.

இரு அண்ணா, சிங்காரி கத்துகிறாள். பசிக் கத்தல் இல்லை, விடாமல் கத்துகிறாள். ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன், வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், பின்னால் கண்ணாடி மாதிரி சளி ஒழுகுகிறது. பருவத்துக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்ன அதே அடையாளம்!

அப்பாவை எழுப்பினால் நீ ஏன் தூங்கவில்லை என்பதில் தொடங்கிப் பிண்ணாக்கு வரை தோண்டுவார். இருந்தாலும் எழுப்பத்தான் போகிறேன். "உங்க கவாத்து பலிச்சிருச்சுங்கப்பா" என்று சொல்லப்போகிறேன். பிறகு லிங்கசாமியை அவரே விரட்டுவார்.

அம்மாவின் ஆசீர்வாதத்தை நானே போட்டுவிடுகிறேன், நோய்நொடி இல்லாமல் இரு, ஈரத்தலையோடு படுக்காதே. ஊருக்கு வரும்போது பிண்ணாக்கைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

இப்படிக்கு,
அம்மாவுக்கும் சேர்த்து,
ஜீவிதா