கொசுவுக்கு ஜெர்மன் தெரியாது

அக்கா,

நேற்று சாயங்காலம் நம் வீட்டு வரிசையில் மறுபடியும் கொசுப் புகை அடித்தார்கள். முகமூடி போட்ட இரண்டு பேர், அலறுகிற அந்தக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுகளின் பின்பக்கமாக நடந்து போனார்கள். அம்மா சோற்றுப் பானையை மூடிவிட்டு என்னை வெளியே இழுத்தார். சின்னப் பிள்ளைகள் புகைக்குள் ஓடுவதும் இருமிக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தார்கள். டீசலும் மருந்தும் கலந்த அந்த வாடை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பள்ளிச் சீருடையில் ஏறிக்கொண்டது. இன்று வகுப்பிலும் அது போகவில்லை. கணக்குப் பாடம் முழுக்க நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாடை முதன்முதலில் நம் வீடுகளுக்கு வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். உனக்கு டிங்கிக் காய்ச்சல் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். புகை கலைந்துவிட்டது. நீ திரும்பி வரவில்லை.

எழுதினால் மனசு ஆறும் என்று பள்ளியில் ஆலோசக ஆசிரியை சொன்னார். எனக்கு ஆற வேண்டாம். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ ஜெர்மன் படிக்க ஆரம்பித்த கதை இங்கே பலவிதமாக உலவுகிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரனோடு பேசுவதற்காக என்கிறார்கள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைத் தட்டிக்கழிப்பதற்காக என்கிறார்கள். எனக்கு உண்மை தெரியும். சுங்கை பட்டாணியில் நீ வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில், உன் இயந்திரத்தின் கதவில் ஒரு மஞ்சள் முக்கோணமும் அதன் கீழே ஒரு நீளமான சொல்லும் இருந்தன. அது என்னவென்று சூப்பர்வைசரிடம் கேட்டாய். "பச்சை பட்டனை அமுக்கினா போதும். நீ அதைப் படிச்சு என்ன செய்யப்போற?" என்றாராம்.

உள்ளே கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் அந்தச் சொல்லை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தாய். கிலாங் பஸ், அந்தத் தொழிற்சாலை பஸ், நம் கோலா கெத்தில் ஊருக்கு வந்து சேர்வதற்குள் பாதி எழுத்து வியர்வையில் அழிந்திருந்தது. மறுநாள் மறுபாதியைக் கொண்டுவந்தாய். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் இரண்டையும் ஒட்டவைத்து, என் கைப்பேசியில் தேடினேன். "க்வெட்ஷ்கெஃபார்" என்று ஒரு பெண்குரல் உச்சரித்தது. நசுங்கும் அபாயம் என்று பொருள்.

நீ உன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"பாரு லைப்ரரி, இத்தனை நாளா இந்த மெஷின் 'நசுக்கிருவேன், நசுக்கிருவேன்'னு என்கிட்டச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. எனக்குத்தான் கேக்கல."

நான் சாப்பிடும்போதும் புத்தகத்தை விடாததால் நீ எனக்கு வைத்த பெயர் லைப்ரரி. இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. ஜெர்மனியில் இதே மாதிரி இயந்திரங்களைக் கழற்றவும் மாட்டவும் சொல்லிக் கொடுக்கிறார்கள், பயிற்சியின்போதே சம்பளம் உண்டு, ஆனால் மொழித்தேர்வில் தேற வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். "போறேன்லா. பச்சை பட்டனை அமுக்கிக்கிட்டே கிழவியாக மாட்டேன். மூடியைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்," என்றாய்.

கைப்பேசிக்கு லைன் கிடைப்பது வரிசையின் கடைசியில் இருக்கும் ரம்புத்தான் மரத்தடியில் மட்டும்தான். காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை அங்கே தூக்கிக்கொண்டு போவாய். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இலக்கணம் என்னிடம் இருந்தது, வாய் உன்னிடம் இருந்தது. நான் ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லப் பயந்து முணுமுணுப்பேன். நீ தப்பாகவே ஊருக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவாய். ஒரு வகை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்று நான் விளக்கியதும், "அட, நம்மாளு!" என்று தொடையில் தட்டினாய்.

தொண்டைக்குள்ளிருந்து வரும் அந்த 'ஃக்' சத்தத்துக்கு, அடுத்த வீட்டிலிருந்து உன் அம்மா, என் அத்தை, சொன்னது நினைவிருக்கிறதா?

"என்னாடி, தொண்டையில மீன்முள்ளா?"

"இல்லம்மா, ஜெர்மன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒரு சோத்து உருண்டையை முழுங்கு, இறங்கிரும்."

அதைவிட அத்தைக்குப் பெரிய குறை உன் பாட்டுதான். பாட்டு இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது. தண்ணீர் டம்ளரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பாட்டு தொடங்கிய பிறகுதான் தட்டில் கை வைப்பாய். "மத்தவங்களுக்குச் சோத்துக்கு ஊறுகாய் வேணும். இவளுக்கு மேளம் வேணும்," என்பார் அத்தை. கோயில் திருவிழாவில் நீ சாமிக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. உருமி மேளத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பாய். ஒருமுறை தோளில் மாட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டாய். அடிக்கிற அண்ணன்மார் சிரித்தார்கள். "அதெல்லாம் தூக்கமாட்ட, தங்கச்சி." நீ வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு பக்கம் குச்சியால் இழுத்து, மறுபக்கம் தட்டி, அந்த உறுமலையே கொண்டுவந்தாய்.

உனக்குப் பிடித்த ஜெர்மன் பாட்டு ஒன்று இருந்தது. மூன்று பெண்கள் பாடுவது. சொற்கள் பிடிபடாததால் அதை மெதுவாக ஓடவிட்டுக் கேட்போம். அப்போது அந்தப் பெண்கள் தூக்கக்கலக்கத்தில் பாடுவதுபோல இருக்கும், நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் அந்தப் பாட்டை உருமி அடிக்கு மாற்றிப் பாடினாய், நான் என் கைப்பேசியில் பதிவு செய்தேன். ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை என்று எண்ணித் தொடங்கி, டின்னை அடித்துக்கொண்டே பாடி, முடிந்ததும் "நொஃக் ஐன்மால்!" என்று கத்தினாய். இன்னொரு தடவை என்று அர்த்தம். தப்பு வந்தாலும் அதையே சொல்வாய், சரியாக வந்தாலும் அதையே சொல்வாய்.

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது.

உன்னை எடுத்த அன்றைக்கே பேச்சு தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தவர் அலோர் ஸ்டாரிலிருந்து வந்த உன் பெரியம்மா. "அந்த மரத்தடியிலயே குந்திக்கிட்டு ஜெர்மன் ஜெர்மன்னு கொசுக்கடி வாங்கித்தான் போய்ச் சேர்ந்தா. நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" வந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு கடையில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள். ஜெர்மன் படித்துச் செத்த பிள்ளை என்றே உனக்குப் பெயராகிவிட்டது.

சுகாதாரத்துறை ஆட்கள் வந்தபோது நான் அவர்கள் பின்னாலேயே நடந்தேன். வரிசைக்குப் பின்னால் கிடந்த ஒரு பழைய லாரி டயரில் விளக்கடித்துக் காட்டினார்கள். தேங்கிய தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அந்த டயரைத் தாண்டித்தான் நம் வரிசையில் எல்லாரும் துணி காயப்போடப் போகிறோம். ஒருவேளை மரத்தடியில்தான் உன்னைக் கடித்திருக்கலாம். துணி எடுக்கப் போனபோதும் கடித்திருக்கலாம். ஆனால் டயரை யாரும் திட்டவில்லை. ஜெர்மனைத் திட்டினார்கள்.

என் அம்மா மரத்தடி நாற்காலிகளைத் தூக்கி வந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கினார். "இனிமே அந்தப் பக்கம் போனா காலை உடைச்சிருவேன். நீயும் போகணுமா? எனக்கு நீ ஒருத்திதான்." அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் விடவில்லை. பள்ளி நூலகத்தில், பஸ் நிறுத்தத்தில் என்று வாய்க்குள்ளேயே படித்தேன். வாய்க்குள் படிக்கும் ஜெர்மன் உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

வருஷம் கழியும் வரை உங்கள் வீட்டில் பாட்டு கூடாது என்றார்கள். தொலைக்காட்சிமேல் துணி போட்டு மூடினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்கும். நீ இருந்தவரை நான் கேட்டே இராத சத்தம் அது.

போன வாரம் உன் வருஷப் படையல். கல்யாணமாகாமல் போனவளைக் கன்னியாகக் கும்பிட வேண்டும் என்று பெரியம்மா முன்கூட்டியே வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். சிவப்புப் பாவாடை, கண்ணாடி வளையல், பவுடர், மல்லிகை, லட்டு. வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்காவுக்கு லட்டுப் பிடிக்காது பெரியம்மா. பிசாங் கோரெங்கும் சம்பலும்தான் பிடிக்கும். நான் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"கன்னிக்கு என்ன வைக்கணும்னு நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"அவங்களுக்குப் பிடிச்சதைத்தானே வைக்கணும்?"

"வாயப் பாரு! அவகூட மரத்தடியில உட்கார்ந்து வந்த வாய்தானே. அந்த ஜெர்மன்தான் அவளைக் கொன்னுச்சு, தெரியுமா உனக்கு?"

"கொசுவுக்கு ஜெர்மன் தெரியாது, பெரியம்மா."

 அம்மா என் கையைக் கிள்ளினார். பெரியம்மாவின் முகம் பாவாடைத் துணியின் நிறத்துக்கு வந்தது. அத்தை மட்டும் நான் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துப் பொரித்த வாழைப்பழத் துண்டுகளை இலையில் வைத்தார், பக்கத்தில் காரச் சம்பலையும்.

எல்லாம் வைத்துச் சூடம் காட்டி, "வாம்மா, வந்து பசியாறு," என்று உன்னைக் கூப்பிட்டார்கள். போனவர்கள் தனியாக இருந்தால்தான் வந்து சாப்பிடுவார்கள் என்பதால், கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைசியாக வெளியே வரும் வேலை எனக்கு. தண்ணீரை ஊற்றினேன். என் கைப்பேசியை அந்த டம்ளரில் சாய்த்து வைத்தேன். அமுக்கினேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து பிஸ்கட் டின் உறுமியது.

ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை.

உன் குரல் அக்கா. கதவுக்குப் பின்னால், இலைக்கு முன்னால். யாரோ "ஐயோ" என்றார்கள். பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "யாருடி இது? துக்க வீட்டுல கூத்தா?"

"நான்தான் வச்சேன்," என்றேன். கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

அவர் கதவைத் தள்ளக் கையைத் தூக்கினார். அந்தக் கையை அத்தை பிடித்தார். ஒரு வருஷமாகச் சரியாகப் பேசாத உன் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கதவைத் தொடாதக்கா. அவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

எல்லாரும் வெயிலில் நின்று உன் பாட்டு முழுவதையும் கேட்டோம். முடிவில் நீ "நொஃக் ஐன்மால்!" என்று கத்திச் சிரித்தாய். நான் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருந்தேன். டின் மறுபடி உறுமியது.

"இன்னொரு தடவையா?" என்றார் பெரியம்மா. அவர் குரலில் பழைய வேகம் இல்லை.

"ரெண்டாவது சோறு போட்டுக்குவா. அவளைத் தெரியாதா உனக்கு?" என்றார் அத்தை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருக்க, அவர் விரல்கள் கதவு நிலையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. தொண்டையில் முள் என்று சொன்ன அதே அத்தை.

அன்று என் அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது, ரம்புத்தான் மரத்தடியில் ஒரு நாற்காலி கிடந்தது. அதன் காலடியில் ஒரு தட்டில் கொசுவத்தி புகைந்துகொண்டிருந்தது. அம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவே இல்லை. "இருட்டுறதுக்குள்ள வந்துரு," என்று வெங்காயத்திடம் சொன்னார்.

நான் முதலில் அந்த டயரைத் தேடிப் போனேன். புழு இருந்த தண்ணீரைக் கொட்டியிருந்தார்களே தவிர, டயர் அங்கேயேதான் கிடந்தது. மழை மறுபடி அதை நிரப்பியிருந்தது. கவிழ்த்து, பெரிய குப்பைத் தொட்டிவரை உருட்டிக்கொண்டு போனேன். சீருடையெல்லாம் சேறு. வழியில் பார்த்தவர்கள் "என்னா பிள்ளை, டயர் விளையாட்டா?" என்று சிரித்தார்கள். நான் அவர்களுக்கு ஜெர்மனில் பதில் சொன்னேன். நீ சொல்லிக்கொடுத்த மரியாதையில்லாத சொல். நன்றாக, தொண்டையிலிருந்து வந்தது.

இப்போது நான் வாய்க்குள் படிப்பதில்லை. வரிசைக்கே கேட்கட்டும். பள்ளி முடிந்ததும் அந்த மொழித்தேர்வை எழுதப்போகிறேன். மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும். தேறுவேனா, அங்கே போவேனா என்றெல்லாம் தெரியாது. தெரியாது என்பதற்காக நிறுத்தப் போவதில்லை.

நேற்று புகை கலைந்ததும் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். உன் இயந்திரத்தின் அந்த நீளச் சொல்லை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன். தினமும் எழுதுகிறேன். பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி எழுத்து வியர்வையில் போய்விடுகிறது.

போனால் போகட்டும். நொஃக் ஐன்மால்.